ஊட்டுக்கு அம்மா வந்துகீறா

வேப்பங்கொத்தின் நுனி முதுகில் படும்போது முதலில் சில்லென்றுதான் இருக்கும். பிறகு அரிப்பு அங்கிருந்து கிளம்பித் தோளுக்கு ஓடும், தோளைத் தடவினால் இடுப்புக்கு இறங்கும், இடுப்பைத் தடவினால் எந்தக் கைக்கும் எட்டாத நடுமுதுகில் போய் உட்கார்ந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். நகம் படக் கூடாது. சொறிந்தால் "அம்மா கோச்சிக்குவா." வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் விரித்த வெள்ளை வேட்டியில் குப்புறப் படுத்துக்கொண்டு, எங்கள் வானகரத்து வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பங்குனி வெயிலில், உடம்பெல்லாம் ஓடிய அந்த அரிப்புதான் சின்ன வயது என்றதும் எனக்கு முதலில் வருகிறது. மற்றவர்களுக்கு மாங்காயும் மழையும் வருகிறதாம். கொடுத்து வைத்தவர்கள்.

இன்றைக்கும் என்னால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியாது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தாலும் இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆபீசில் மீட்டிங் என்றால் கதவோர நாற்காலி. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் இரண்டு தடவை வெளியே போய் வருவேன். "காலில் சக்கரம் கட்டியிருக்கு உனக்கு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தச் சக்கரத்தை எனக்குக் கட்டிவிட்டது ஒரு சொல் என்று நான் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். கழனிகள் மனைகளாகி மஞ்சள் கல் நட்ட பிறகு நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனார். அம்மா பேர் கஸ்தூரி. அவள் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வரும். பின்சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் டிரைவர் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். இதை யாரோ பார்த்து, டீக்கடையில் நைனாவின் காதில் போட்டார்கள். அதில் வாந்தி விஷயம் விட்டுப்போயிருந்தது, முன்சீட்டு மட்டும் வந்து சேர்ந்தது.

பொங்கல் முடிந்த கையோடு வீட்டில் பெரிய சண்டை. விவரம் எனக்குப் புரியவில்லை, சத்தம் மட்டும் புரிந்தது. அம்மா ஒரு ரெக்சின் பையில் மாற்றுத் துணியைத் திணித்துக்கொண்டு குத்தம்பாக்கத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "இஸ்கோலு கீதுல்ல, நீ இங்கயே இரு, நான் வந்துர்றேன்" என்று என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் நைனா சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "இனிமே இந்த ஊட்ல அம்மான்ற பேச்சே வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அந்தச் சொல் இல்லாமல் ஒரு வீட்டை நடத்திப் பாருங்கள், தெரியும். கால் விரல் கதவில் இடித்தால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாயில் வேறு என்ன வரும்? நான் "அம்" என்று ஆரம்பித்துப் பாதியை விழுங்கிக்கொள்வேன். எங்கள் தெருவில் பசு மாடு கத்தினால்கூட நைனாவின் முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும்போது அது அவர் கணுக்காலில் அடித்துவிட்டது. "அம்மா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். கத்திவிட்டு என்னைப் பார்த்தார். உடனே சைக்கிள் செயினில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சோறாக்கிப் போட என் அத்தை வந்தாள். நைனாவின் அக்கா, பவுனம்மா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தவள், புருஷன் இல்லை, வாய் உண்டு. எனக்குத் தலை பின்னும்போதெல்லாம், "ஒங்கம்மாளுக்கு ரோசம் ஜாஸ்திடி" என்று சொல்லிவிட்டு, தடை உத்தரவு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் அடித்தது. காலையில் முகம் கழுவிவிட வந்த அத்தை என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்னால் போய், கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"தாயே! ஊட்டுக்கு அம்மா வந்துகீறா."

நான் பாயிலிருந்து குதித்து எழுந்து ஓடினேன். காய்ச்சலில் சுவர் ஆடியது. வாசற்படியில் தடுக்கி, தெருவில் இறங்கி, பைபாஸ் ரோட்டுப் பக்கம் பார்த்தேன், டேங்கர் லாரி நிற்கும் காலி மனைப் பக்கம் பார்த்தேன். மறுபடி உள்ளே ஓடிவந்து சமையல் மேடையைப் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அத்தை ஒன்றும் புரியாமல், "இன்னாடி தேட்ற?" என்றாள்.

"அம்மா எங்க?"

அத்தை என் வயிற்றைக் காட்டினாள். தொப்புளுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் துளி விழுந்தது மாதிரி, பளபளவென்று இரண்டு கொப்புளம். "த்தோ, இவதான் அம்மா" என்றாள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "இந்த அம்மா எனக்கு வாணாம்!" என்று கத்தினேன். அத்தை தன் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, "கொயந்த தெரியாம பேசிட்ச்சி, மனசுல வெச்சிக்காத தாயே" என்று என் வயிற்றைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். என் வயிற்றில் இருக்கிறவளிடம் அத்தனை மரியாதை, அதற்கு மேலே இருக்கிற எனக்குப் பேச உரிமை இல்லை. அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்தார். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. சைக்கிளை நிறுத்துகிறபோதே அத்தை படியில் நின்றபடி மெதுவாக, "ஏழுமல, ஊட்டுக்கு அம்மா வந்துகீறாடா" என்றாள். நான் பாயிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கறை பட்ட கையைப் பேண்ட்டில் துடைத்தார். தலைமயிரை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அத்தையின் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தார். அதற்குப் பிறகுதான் வேப்பிலை கண்ணில் பட்டது. ஒதுக்கிய முடியை மறுபடி கலைத்துக்கொண்டார். என்னைப் போலவே நைனாவும் ஏமாந்தார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இங்கே அம்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் இருந்த அம்மனுக்கு உடம்பு கிடையாது. தரையிலிருந்து முளைத்தது மாதிரி மஞ்சள் பூசிய தலை மட்டும்தான். கண்ணுக்கு வெள்ளியில் தகடு, மூக்கில் பெரிய மூக்குத்தி. மிச்ச உடம்பு எங்கே என்று கேட்டால், "பூமிக்குள்ள கீது" என்பார்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது பம்பைக்காரர்கள் வந்து ரேணுகாதேவி கதை பாடுவார்கள். அதற்கு முந்தின ஆடியில் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு நான் முழுக்கதையும் கேட்டேன்.

ரேணுகா ஒரு முனிவரின் பெண்சாதி. ஆற்று மணலைக் கையால் குவித்துக் குடமாக்கி, சுடாத அந்தக் குடத்தில் தினமும் தண்ணீர் எடுத்து வருவாள். அவள் கற்பின் பலத்தால் குடம் உடையாது. ஒரு நாள் வானத்தில் போன கந்தர்வன் ஒருத்தனின் நிழல் தண்ணீரில் தெரிந்தது. எவ்வளவு அழகு என்று ஒரு கணம் நினைத்தாள், குடம் கரைந்துபோயிற்று. வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்த முனிவர், பெற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு இவள் தலையை வெட்டு என்றார். மூத்தவர்கள் மாட்டேன் என்றார்கள். கடைசிப் பிள்ளை வெட்டினான். வெட்டிவிட்டு, சொன்னதைச் செய்ததற்கு வரமாக அம்மாவின் உயிரையே திருப்பிக் கேட்டான். அவசரத்தில் தலையை வேறொருத்தியின் உடம்பில் ஒட்டவைத்துவிட்டான். இன்னொரு விதமாகவும் பாடுவார்கள்: அவள் சிதையில் கிடந்தபோது மழை வந்து தீ அணைந்தது, உடம்பெல்லாம் தீக்கொப்புளத்தோடு எழுந்து வந்தவள், உடுத்த வேப்பிலையும் பசிக்கு மாவும் வெல்லமும் வீடு வீடாகக் கேட்டாள், அதுதான் நாம் போடும் கூழ், அதுதான் நம் மேல் வரும் முத்து. இரண்டில் எது சரி என்று எங்கள் ஊரில் யாரும் சண்டை போட்டதில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

கதை முடிந்து பம்பைக்காரர் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா அவரிடம் போய்க் கேட்டாள்: "அண்ணே, உசுரு வந்தப்பறம் அவ அதே ஊட்டுக்கா போனா?"

அவர் சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அது கதையில வர்லியேம்மா" என்றார்.

பாயில் கிடந்தபோது இது எல்லாம் எனக்குள் கலந்து ஓடிற்று. வேன் கண்ணாடியில் தெரிந்த டிரைவர், ஆற்றுத் தண்ணீரில் தெரிந்த கந்தர்வன், "அம்மான்ற பேச்சே வரக்கூடாது" என்ற உத்தரவு. நான் மூத்த பிள்ளையா கடைசிப் பிள்ளையா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே பிள்ளை. இரண்டு பேர் வேலையையும் நான்தான் பார்க்க வேண்டும்.

அம்மா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, கடுகு வெடிக்கும் சத்தம் அவளுக்கு ஆகாது. தலை வாரக் கூடாது. டிவி போடக் கூடாது. முக்கியமாக, யாரும் குரலை உயர்த்தக் கூடாது. நைனா மாதிரி ஒரு மனிதர் காலையில் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டுமே! வந்ததும் கை கால் கழுவிவிட்டு என் பாய்க்கு எதிரே நின்று, "அம்மா, தாயே" என்று கும்பிடுவார். தடை போட்ட வாயாலேயே அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அரிப்புக்கு நடுவிலும் அது ஒரு திருப்தியாக இருந்தது.

எங்கள் எதிர்வீட்டில், அம்மாவின் கம்பெனிக்கே வேலைக்குப் போகும் ஒரு அக்கா இருந்தாள். அவள் எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்து அம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அதே ரெக்சின் பையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள். நான் படுத்தபடியே அவள் காலைப் பார்த்தேன். அந்தக் கால் யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தை குறுக்கே வந்து கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். குரலை ஏற்ற முடியாததால் கிசுகிசுத்தாள். "வெளியிலேர்ந்து வர்றவங்க உள்ள வரக்கூடாது. தெரியாதா ஒனக்கு? உள்ள அம்மா கீறா."

"அம்மா உள்ள கீறான்னா, அப்ப நான் யாரு?" என்றாள் அம்மா. அவளும் கிசுகிசுத்தாள்.

"ஒனக்கு இதுவரைக்கும் போட்டதில்ல. தொத்திக்கும்."

"தொத்திக்கட்டும்."

நைனா அப்போது உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். நான் வேட்டியை வாயில் கவ்விக்கொண்டேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் தெரு கூடியிருக்கும். அன்றைக்கு அவர் வாயைத் திறக்க முடியவில்லை, அதற்கு நான் என் வயிற்றில் இருந்தவளுக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். வாசல் மூலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர்ச் சட்டி ஒன்று இருக்கும்; உள்ளே வருகிற வீட்டு ஆள் அதில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும். நைனா அந்தச் சட்டியைத் தூக்கி அம்மாவின் காலுக்கு முன்னால் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பிவந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அத்தை கதவுச் சட்டத்தை விட்டாள்.

அம்மா கால் நனைத்து உள்ளே வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தை எடுத்தாள். அத்தை தடவியபோது ஓடிக்கொண்டே இருந்த அரிப்பு அம்மா தடவினாலும் ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அதைத் துரத்திக்கொண்டு அவளும் வந்தாள்.

நாலைந்து நாளில் கொப்புளங்கள் காய ஆரம்பித்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு முறை உண்டு. மூன்று தண்ணீர் ஊற்றி முடித்தால் அம்மா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். ஒரு சாயங்காலம் அத்தை நைனாவிடம் சொன்னாள்: "புள்ளைக்குக் காஞ்சிகினு வருது. வர்ற வாரத்துக்குள்ள மூணு தண்ணியும் ஊத்தி அம்மாவ அனுப்பி வெச்சிரலாம்."

நைனா, "ம்" என்றார்.

முதல் தடவை ஏமாந்தவள் இரண்டாம் தடவையும் ஏமாந்தேன். இப்போது வேறு மாதிரி. அத்தை யாரைச் சொல்கிறாள்? என் மேல் வந்தவளையா, என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளையா? அத்தை சொன்னது அம்மாவின் காதிலும் விழுந்தது, அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் மட்டும் மெல்ல ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருத்தி இருக்கும் வரைதான் இன்னொருத்தியும் இருப்பாள். அவள் இறங்கிப் போனால் இவளும் பையை எடுத்துக்கொண்டு போவாள். ஆகவே அவளை இறங்க விடக் கூடாது.

சொறிந்தேன். இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொறியாமல் இருந்தவள், எல்லாரும் அசந்த நேரம் பார்த்து, காய்ந்த பொருக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்தேன். நெற்றியில், கையில், முழங்காலில். அந்தச் சுகத்தைப் பற்றி என்ன சொல்ல! மறுநாள் எல்லாம் புண்ணாகிச் சீழ் கோத்துக்கொண்டது. அத்தை பதறிப்போய், "அம்மா ஏன் எறங்க மாட்டேன்றா, யாரு இன்னா தப்பு பண்ணீங்க?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். நைனா அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்று, "தெரியாம பண்ணிட்டேன் தாயே, மன்ச்சிக்க" என்றார். சமையல் மேடையில் அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் அரைத்தது.

தண்ணீர் தள்ளிப்போயிற்று. பரீட்சையும் போயிற்று, என்னைச் சும்மாவே மேல் வகுப்புக்குப் போட்டார்கள். கடைசியில் நானே அலுத்துப்போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "தண்ணி ஊத்துனா நீ போயிடுவல்ல?" அம்மா என் விரல்களை எடுத்து ஒவ்வொரு நகமாக வெட்டிவிட்டாள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், இன்றுவரை கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் தண்ணீர் எனக்கு ஊற்றிய அன்றைக்கு ஆணியிலிருந்த பையை அவள் எடுத்துப் படியில் வைத்தாள். வைத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அத்தை கிட்டே போய் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஏழுமல, அம்மாவுக்கு அம்மா வந்துட்ச்சிடா."

அம்மா வந்தவர்கள் வாசல் தாண்டக் கூடாது. பை மறுபடி ஆணிக்குப் போயிற்று.

பெரியவர்களுக்குப் போட்டால் அது சும்மா விடாது. அம்மாவுக்கு உள்ளங்காலில், இமையில்கூடப் போட்டிருந்தது. நைனா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு இளநீர் வெட்டினார், வேப்பிலை ஒடித்து வந்தார், என்னிடம் கொத்தைக் கொடுத்து எப்படித் தடவுவது என்று கேட்டுக்கொண்டு தானும் தடவினார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அவர் பேசியதெல்லாம் "தாயே, எரியுதா", "அம்மா, கொஞ்சம் கஞ்சி குடி" என்றுதான். பெண்சாதியிடம் பேசுகிறாரா தெய்வத்திடம் பேசுகிறாரா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அது அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

அம்மாவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் காலை வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த குடம் முற்றத்தில் இருந்தது. அத்தை திடீரென்று, தனக்குத் தோள் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். "பொண்டாட்டிக்குப் புருசன் ஊத்துனா ஒண்ணும் கொறஞ்சி பூடாது." முந்தின நாள்தான் அரிசி மூட்டையைத் தனியாக இழுத்து வைத்தவள் அவள். வேண்டுமென்றே செய்தாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் இப்போது இல்லை.

நைனா குடத்தைத் தூக்கினார். கடைசித் தண்ணீர் ஊற்றும்போது, "போய்ட்டு வா தாயே" என்று அம்மனை வழியனுப்ப வேண்டும். எனக்கு ஊற்றியபோது அத்தை அதை எவ்வளவு கணீரென்று சொன்னாள்! நைனா அம்மாவின் தலைக்கு மேல் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"சொல்லுடா" என்றாள் அத்தை.

"போ..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். நான் கால் விரலை இடித்துக்கொண்டு விழுங்குவேனே, அதே மாதிரி அவர் விழுங்கினார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, குடம் காலியாகிக்கொண்டே வந்தது.

"வா தாயே" என்றார்.

"இன்னாடா இது, போவச் சொல்லாம வாங்கற? மறுபடி வந்துரப் போறா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நைனா மறுபடியும், "வா தாயே" என்றுதான் சொன்னார், இன்னும் மெதுவாக. அம்மா ஈரத் தலையோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணுக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும், சிமிட்டிக்கொண்டே இருந்தாள்.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். அம்மா போகவில்லை. தீபாவளிக்கு முன்பாக மறுபடி கம்பெனிக்குச் சேர்ந்தாள், வேனில் அதே முன்சீட்டில்தான் போனாள். நைனா அவள் சாப்பாட்டுப் பையில் தினமும் ஒரு எலுமிச்சம்பழம் போட்டுவைப்பார், வாந்தி வந்தால் முகர. எல்லாம் சரி. ஆனால் ஆணியில் மாட்டிய பையை அவள் இறக்கவில்லை. பிரிக்கவும் இல்லை. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கி வைத்து, காய்ந்ததும் மறுபடி மாட்டினாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்த்ததில்லை, தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கதவைத் தள்ளி முதலில் ஆணியைப் பார்ப்பேன். பை இருந்தால் அம்மா இருக்கிறாள். பள்ளியில் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே என் கால் ஆட ஆரம்பித்துவிடும். டீச்சர் திட்டுவார். காலேஜிலும் ஆடிற்று. இப்போதும் ஆடுகிறது.

போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது. அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சிக்கன்பாக்ஸாம், எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். நாங்கள் இருக்கும் காட்டுப்பாக்கம் அடுக்குமாடியில் எந்தக் கதவிலும் வேப்பிலை இல்லை. என் மகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, எனக்குப் பயமில்லை. ஆனாலும் அந்தச் செய்தியை இரண்டு மூன்று தடவை படித்தேன், அதில் அம்மா எங்கும் இல்லை. "ஊட்டுக்கு அம்மா வந்துகீறா" என்று இப்போது யாராவது சொன்னால், என் மகள் கதவைத் திறந்து லிஃப்ட் பக்கம்தான் பார்ப்பாள். அதற்காக வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அந்த அரிப்பை எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானகரத்துக்குப் போனேன். தெருக்கோடிக் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டி, கோபுரம் வைத்து, தலைக்குப் பின்னால் முழு உடம்போடு கருங்கல்லில் ஒரு அம்மனையும் நிறுத்திவிட்டார்கள். பம்பைக்காரர்கள் வருவதில்லை, பென் டிரைவில் பாட்டு ஓடுகிறது. "ஒடம்பக் கண்டுபுடிச்சி வெச்சிட்டாங்க" என்றாள் கூட வந்திருந்த அம்மா. வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினேன், வழக்கம் போல ஆணியைப் பார்த்தேன். நாள்காட்டி தொங்கியது. எப்போதிலிருந்து தொங்குகிறது? பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கண்ணில் ஏறவில்லை. அங்கே பை இருப்பதாகவே பழக்கத்தில் பார்த்து வந்திருக்கிறேன்.

"அம்மா, அந்தப் பை எங்க?"

"எந்தப் பை?"

"ஆணியில மாட்டியிருந்தியே. ரெக்சின் பை."

"அதுவா? எலி கட்ச்சிப் பூட்ச்சி. தூக்கிக் கடாசிட்டேன்."

"உள்ள இருந்தது?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு பொடவதான். ஒம் பொண்ணு பொறந்தப்ப தூளி கட்டுறதுக்குப் பழம்பொடவ தேடுனோமே. மெத்து மெத்துன்னு வேற ஒண்ணும் இல்ல. அதான் எடுத்துக் கட்டிட்டேன். பை அப்பவே பூட்ச்சி."

எத்தனை மத்தியானம் அந்தத் தூளியை ஆட்டியிருக்கிறேன்! பச்சை நூல் புடவை, மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருக்கும். இவ்வளவு காலம் மடித்தே வைத்திருந்த புடவை எது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எந்த நேரமும் கிளம்பிப்போக வைத்திருந்த துணியில் என் பிள்ளை தூங்கியிருக்கிறாள், நானோ ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டு, மறு காலை ஆட்டிக்கொண்டு, இல்லாத பைக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

ரேணுகா திரும்பி அதே வீட்டுக்குத்தான் போனாளா என்று அம்மாவிடம் கேட்க நினைத்தேன். நைனா பலமாக ஒரு இருமல் இருமிக்கொண்டு வெளியிலிருந்து வந்தார், எலுமிச்சம்பழங்களை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். கேள்வியை விட்டுவிட்டேன்.

இந்த வாரமும் போனேன். பை போன கதை தெரிந்த பிறகும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கண் ஆணிக்குத்தான் போயிற்று. கால் படியிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே சட்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு படபடவென்று வெடித்தது, அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.